லாங்கு பஜார் வலைக்கடையும் எங்கள் வீட்டுத் துரை கோலும்

பழைய தூண்டில் கோல் ஒன்றை வைத்துக்கொண்டு, அது எந்த மீனுக்கு, எந்தத் தண்ணீருக்குச் செய்தது என்று தெரியாமல் இருப்பவர்களுக்கு வேலூரில் நான் சொல்லக்கூடிய இடம் ஒன்றுதான். லாங்கு பஜாருக்குள், சாக்கும் கயிறும் விற்கிற வரிசையில் இருக்கும் வலைக்கடை. பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் தொங்கும் வீச்சு வலையும் தூண்டில் நரம்புச் சுருள்களும்தான் அடையாளம். "வலைக்கடை பாய் எங்கே" என்று அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். அவர் செய்து கொடுத்த வேலையைப் பற்றியும் அந்தக் கோலைப் பற்றியும் சேர்த்தே எழுதுகிறேன். ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றைச் சொல்ல முடியாது.

நான் சத்துவாச்சாரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை, சுடிதார், ஜூன் மாதம் வந்தால் பள்ளிச் சீருடை. கோல் என் தாத்தாவுடையது. அவர் ராணிப்பேட்டையில் ஒரு மிஷன் பங்களாவில் சமையல் வேலை பார்த்தவர். அங்கே இருந்த வெள்ளைக்கார டாக்டர் 1940களின் கடைசியில் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன சாமான்களில் இதுவும் ஒன்று. வீட்டில் இதற்குத் 'துரை கோல்' என்று பெயர். தாத்தா இருந்தவரை பிள்ளைகள் யாரும் அதைத் தொடக்கூடாது. அவருக்குப் பிறகு பரணுக்குப் போனது. அம்மா வீட்டை இடித்துக் கட்டியபோது என்னிடம் வந்து சேர்ந்தது.

கோல் எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். கெட்டியான காடாத் துணியில் தைத்த நீளப் பை, உள்ளே நான்கு அறை, மேலே மூடி கட்ட நாடா. ஒவ்வோர் அறையிலும் ஒரு துண்டு. ஒவ்வொன்றும் சுமார் மூன்றடி. அடித்துண்டில் கார்க் கைப்பிடி, நடுத்துண்டு ஒன்று, நுனித்துண்டு மட்டும் இரண்டு. மரம் உருண்டையாக இல்லை, பென்சிலுக்கு இருப்பதைப் போல ஆறு பட்டை. தேன் நிறம். அங்குலத்துக்கு ஒன்று, ஒன்றரை அங்குலத்துக்கு ஒன்று என்று மெல்லிய நூலால் சுற்றிக் கட்டியிருந்தது. என் கண் முதலில் போனது அந்த நூலுக்குத்தான். பட்டு. அவ்வளவு நெருக்கமாக, ஒரு முடிச்சுகூடத் தெரியாமல் சுற்றியிருந்த கையை நினைத்து நான் அன்றைக்குத் தைக்க வேண்டிய ரவிக்கையை அப்படியே வைத்துவிட்டேன்.

பாயிடம் போவதற்கு முன் வேறு இடங்களிலும் காட்டினேன். சென்னையில் ஒரு பழம்பொருள் கடைக்காரர் கடல் மீனுக்கு என்றார், சட்டம் போட்டு வரவேற்பறைச் சுவரில் மாட்டலாம் என்றார். இணையத்தில் பழைய சாமான் வாங்குகிற ஒருவர் படம் அனுப்பச் சொல்லி, கம்பெனி முத்திரை எங்கே, நம்பர் எங்கே என்று மட்டும் கேட்டார். அது பளிச்சென்று தெரியவில்லை என்றதும் பதிலே வரவில்லை. இரண்டு பேருக்கும் அந்தக் கோல் என்ன வேலைக்கு என்பது முக்கியமில்லை. எனக்கு அதுதான் முக்கியமாக இருந்தது. ஒரு சட்டையைக் கையில் கொடுத்தால் யார் தைத்தது என்று சொல்ல முடியாவிட்டாலும், போடுகிறவர் குனிந்து நிமிர்கிற வேலை செய்பவரா, உட்கார்ந்து எழுதுபவரா என்று அக்குள் வெட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். கோலிலும் அப்படி ஏதாவது இருக்கத்தான் வேண்டும் என்று நம்பினேன்.

பாய்க்கு எழுபது வயதுக்கு மேல். சின்ன வயதில் ஊட்டியில் அவருடைய மாமாவோடு இருந்தவர். குடை, பூட்டு, தூண்டில் கோல் எல்லாம் பழுது பார்க்கிற கடை. எஸ்டேட் மேனேஜர்கள் கோலைக் கொண்டுவந்து கொடுப்பார்களாம், வளையம் கட்டுவதும் வார்னிஷ் அடிப்பதும் இவர் வேலை. இங்கே அவர் விற்பது வீச்சு வலை, முள், ஈயக்குண்டு, தக்கை, நரம்பு, சீனாவில் செய்த கண்ணாடி இழைக் கோல்கள். பழைய கோல் என்று யாராவது கொண்டுவருவது அபூர்வம். நான் பையை நீட்டியதும் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டுதான் வாங்கினார். கம்பெனி பெயர் கேட்கவில்லை.

அவர் பார்த்த வரிசையை அப்படியே எழுதுகிறேன். வீட்டில் இருக்கும் கோலை யாரும் இந்த வரிசையிலேயே பார்க்கலாம்.

முதலில் பையைத்தான் பார்த்தார். நுனி ஏன் இரண்டு என்று என்னையே கேட்டார். நுனித்துண்டுதான் மிக மெல்லியது, ஒடிவதென்றால் அதுதான் ஒடியும். நுனியை அவ்வளவு மெல்லியதாக இழைத்துக் கொடுப்பவர் ஒன்றைக் கூடுதலாகவும் செய்து கொடுப்பார். முரட்டு மீனை இழுக்கிற தடித்த கோலுக்கு இது அவ்வளவு அவசியம் இல்லை. பை ஒன்றிலேயே பாதி விஷயம் தெரிந்துவிட்டது.

அடுத்து கைப்பிடி. "ரீல் மாட்டற இடம் எங்க கீது பாரும்மா," என்றார். கார்க்குக்குக் கீழே, கோலின் அடி முனையிலேயே இருந்தது. இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி. ஈயக்குண்டையோ உலோகத் தகட்டையோ சுழற்றி எறிகிற கோலில், எறியும்போது விரல் நரம்பைப் பிடித்து விட வேண்டும். அதனால் ரீல் கைக்குப் பக்கத்தில், கைப்பிடிக்கு நடுவில் இருக்கும். அதற்கு மேலேயும் பிடிக்க இடம் இருக்கும். ரீல் கைக்குக் கீழே கடைசியில் இருந்தால், எறிகிற வேலையில் ரீலுக்குப் பங்கே இல்லை என்று அர்த்தம். அது கயிறைச் சுற்றி வைக்கிற பெட்டி, அவ்வளவுதான். கயிறை இழுத்துக் கொடுப்பது இடது கை.

பிறகு வளையங்கள். அடியில் முதல் வளையத்துக்குள் அகேட் கல் பதித்திருந்தது, நுனியிலும் அதே கல். நடுவில் இருந்தவை எல்லாம் வெறும் கம்பியைப் பாம்பு நெளிவாக வளைத்துக் கட்டியவை. அவற்றில் சட்டமோ கனமோ எதுவும் கிடையாது. இப்போது கடைகளில் விற்கிற கோலைப் பாருங்கள், ரீலுக்குப் பக்கத்து வளையம் பெரிதாக இருக்கும், நுனிக்குப் போகப் போகச் சிறுத்துவிடும். ரீலிலிருந்து நரம்பு சுருள் சுருளாக வெளியேறுவதால் அதை அடக்க அந்தப் பெரிய வளையம். என் கோலில் அப்படி இல்லை. கயிறு நேராகப் போகிறது, கோலின் மேல் வீண் கனம் ஏறக்கூடாது. செய்தவர் யோசித்தது அதை மட்டும்தான்.

நீளமும் எடையும் அதற்கப்புறம்தான். மூன்று துண்டையும் சேர்த்தால் ஒன்பதடி. பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்தோம், நூற்றைம்பது கிராமுக்குச் சற்று மேலே நின்றது. இரண்டு கையால் பிடிக்கிற சால்மன் கோல் பெரும்பாலும் பன்னிரண்டடிக்குக் குறையாது, அதில் ரீலுக்கு மேலும் கீழும் கைப்பிடி உண்டு. கடற்கரையிலிருந்து எறிகிற கோல் இதைவிடப் பல மடங்கு கனம். ஒகேனக்கல் பக்கம் காவிரியில் மசீர் பிடிக்கப் போனவர்கள் கொண்டுபோன கோலும் முரட்டுக் கோல்தான். ஒரு கையால், மணிக்கட்டும் முழங்கையும் மட்டும் அசைய, நாள் முழுக்க வீசிக்கொண்டே இருக்கிற கோல் என்றால் அது ஒன்றே ஒன்று.

"ப்ளை ராடும்மா. ட்ரவுட்டுக்கு. நம்ம ஏரிக்கு இல்ல, மலை ஓடைக்கு," என்றார் பாய்.

இந்த வகைத் தூண்டில் எப்படி வேலை செய்கிறது என்பதை அவர் நின்ற இடத்திலேயே ஒரு சணல் கயிறை வைத்து விளக்கினார். நம் ஊர்த் தூண்டிலில் கனம் முள் பக்கம் இருக்கிறது. ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. இதில் முள்ளுக்குக் கனமே இல்லை. இறகும் பட்டு நூலும் சுற்றி ஈயாகவோ சிறு பூச்சியாகவோ செய்த முள், ஊதினால் பறந்துவிடும். அதை எறிய முடியாது. எறிவது கயிறை. கயிறே தடிமனாக, கனமாக இருக்கும். கோல் பின்னால் வளைந்து முன்னால் நிமிரும்போது கயிறு காற்றில் விரிந்து போய் விழும், பூச்சி அதன் முனையில் சத்தமில்லாமல் தண்ணீரில் இறங்கும். அந்தக் காலத்தில் பின்னிய பட்டுக் கயிறுக்கு எண்ணெய் ஏற்றி மிதக்க வைப்பார்களாம். இப்போது பிளாஸ்டிக் பூச்சு. கடைசிச் சில முழத்துக்கு மட்டும் மெல்லிய நரம்பு.

எங்கள் டாக்டர் ராணிப்பேட்டையில் இருந்துகொண்டு இதை எங்கே வீசினார்? பாலாற்றில் ட்ரவுட் கிடையாது. அது குளிர்ந்த, ஓடுகிற தண்ணீரில்தான் பிழைக்கும். ஆனால் நீலகிரியில் இருக்கிறது. நம் நாட்டு மீன் இல்லை அது, வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது. ஹெச். சி. வில்சன் என்ற அதிகாரி முயற்சி எடுத்து, 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் பண்ணை தொடங்கினார். அதற்கு முன்பும் பலர் முட்டை தருவித்துப் பார்த்திருக்கிறார்கள், நிலைத்தது வானவில் ட்ரவுட் என்ற இனம்தான். மூணாறு மலைகளிலும் தோட்டக்காரர்கள் வளர்த்தார்கள். கோடையில் சமவெளியில் இருக்க முடியாமல் மலைக்குப் போகிற வெள்ளைக்காரர்களின் பெட்டியோடு இந்தப் பையும் காட்பாடியில் ரயில் ஏறியிருக்கும். எங்கள் அம்மா சொல்வார், டாக்டர் மே மாதம் இருக்கமாட்டார், தாத்தாவுக்கு அப்போது விடுமுறை என்று. கோல் எதற்கு என்று தெரிந்த பிறகுதான் அந்த விடுமுறைக்கு எனக்குக் காரணம் புரிந்தது.

மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது மரமே இல்லை, மூங்கில். முழு மூங்கிலும் இல்லை. மூங்கிலைப் பிளந்து, ஒவ்வொரு கீற்றையும் முக்கோணமாக இழைத்து, ஆறு கீற்றை ஒட்டிச் செய்கிறார்கள். மூங்கிலின் பலம் எல்லாம் அதன் வெளித்தோலை ஒட்டிய நாரில் இருக்கிறது, உள்ளே இருப்பது சோறு. அதனால் ஆறு கீற்றிலும் தோல் பக்கம் வெளியே வரும்படி ஒட்டுவார்கள். உட்பகுதியைக் கழித்துவிட்டு வெறும் தோலாலேயே ஆன கோல் கிடைத்துவிடுகிறது. கணு பலவீனமான இடம், ஆகவே ஆறு கணுவும் ஒரே மட்டத்தில் வராதபடி கீற்றுகளை ஏற்றி இறக்கி ஒட்டியிருப்பார்கள். பாய் காட்டிய பிறகு நான் விரலால் தடவிப் பார்த்தேன், பட்டைக்குப் பட்டை கணு வேறு வேறு இடத்தில் வந்தது. தொடக்கத்தில் இதற்கு இந்தியாவிலிருந்து கல்கத்தா வழியாகப் போன மூங்கிலைத்தான் பயன்படுத்தினார்கள். 20ஆம் நூற்றாண்டில் சீனாவின் குவாங்டாங் பகுதியில் விளைகிற டோங்கின் மூங்கில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

காலத்துக்கும் கோலிலேயே குறிப்பு இருக்கிறது. நெருக்கமான பட்டு நூல் கட்டுகள், பழைய மாட்டுத்தோல் பசையை முழுதாக நம்பாத காலத்தைச் சேர்ந்தவை. பசை ஈரத்தில் இளகினாலும் நூல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கட்டியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் செயற்கைப் பசை வந்ததும் இந்த நடுக்கட்டுகள் குறைந்துபோயின. இன்னொன்று, கயிறின் எடைக்கு எண் கொடுக்கும் முறை 1961இல் அமெரிக்காவில் வந்தது. முதல் முப்பதடிக் கயிறின் எடை 140 கிரெய்ன் (அது ஒரு சின்ன எடை அளவு) என்றால் 5, 160 என்றால் 6. அதன் பிறகு வந்த கோல்களில் கைப்பிடிக்கு மேலே இந்த எண் எழுதியிருக்கும். என் கோலில் அது இல்லை. வீட்டில் சொன்ன கதையும் கோல் சொன்ன கதையும் ஒத்துப்போயின.

கம்பெனி பெயர் கடைசியில்தான் தெரிந்தது, அதுவும் பாய் ரீல் பிடிப்பானின் பித்தளையை எலுமிச்சையும் சாம்பலும் போடாமல் வெறும் துணியால் துடைத்த பிறகு. என் கடையில் இருக்கும் பூதக்கண்ணாடியை வைத்துப் படித்தேன். மில்வர்ட்ஸ், ரெடிட்ச். பாய்க்கு அந்தப் பெயர் பெரிய விஷயமாகப் படவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அம்மாவின் தையல் பெட்டியில் இருந்த பழைய ஊசிப் பொட்டலத்தில் இதே பெயர் இருக்கிறது. ரெடிட்ச் இங்கிலாந்தில் வுஸ்டர்ஷரில் இருக்கும் ஊர். உலகத்துக்கே ஊசி செய்து கொடுத்த ஊர். மில்வர்ட் 1730இல் தொடங்கிய ஊசிக் கம்பெனி. ஊசியும் தூண்டில் முள்ளும் ஒரே தொழிலின் இரண்டு கிளை. கம்பியை வெட்டு, முனையைத் தீட்டு, நெருப்பில் பதம் ஏற்று, காது வைத்தால் ஊசி, வளைத்துக் கொக்கி கிழித்தால் முள். முள் செய்தவர்கள் ரீலும் கோலும் செய்யத் தொடங்கினார்கள். என் தொழிலும் தாத்தாவின் கோலும் ஒரே பட்டறை ஊரில் போய் முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இனி பழுது பார்த்த வேலை. நுனித்துண்டில் மூன்று வளையங்களின் கட்டு அவிழ்ந்திருந்தது, வார்னிஷ் பல இடங்களில் வெடித்திருந்தது. நடுத்துண்டின் மூட்டில் கறுப்பாகக் களிம்பு பிடித்திருந்தது. மூட்டுக் குழாய் ஜெர்மன் சில்வர். பாய் எண்ணெய் போடவில்லை, உப்புத்தாளும் தொடவில்லை. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தார். பிறகு துண்டுகளைச் சேர்த்து, இரண்டு கையையும் மூட்டுக்குப் பக்கத்தில் வைத்து நேராக இழுத்தார். டப் என்று ஒரு சத்தம் வந்தது. "இது வந்தா மூட்டு நல்லா இருக்குதுன்னு அர்த்தம்," என்றார். காற்றுப் புகாமல் பொருந்தியிருந்தால்தான் அந்தச் சத்தம் வரும். மூட்டு இறுகிப்போனால் முறுக்கக்கூடாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். முறுக்கினால் உள்ளே ஒட்டிய ஆறு கீற்றும் பிரிந்துவிடும், அந்தக் கோலைப் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

வளையம் கட்டப் பட்டு நூல் அவரிடம் இல்லை. நைலான் நூலால் கட்டித் தருகிறேன் என்றார். நான் சம்மதிக்கவில்லை. ஆரணியில் எனக்குத் தெரிந்த நெசவு வீட்டிலிருந்து அதிக முறுக்கு ஏற்றாத மெல்லிய பட்டு நூல் வாங்கிக் கொடுத்தேன். பழைய நிறத்துக்கு ஏற்ற பாசிப்பச்சை. நிறத்தைப் பார்த்ததும் இன்னும் வெளிர் நிறம் வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார். வார்னிஷ் பட்டதும் பட்டு இரண்டு மூன்று படி கறுத்துவிடும், வெள்ளைப் பட்டு என்றால் நிறமே போய் உள்ளே இருக்கும் மூங்கில் தெரியும் என்றார். ஒரு துண்டு நூலில் வார்னிஷ் தடவிக் காட்டினார், உண்மைதான். மறுபடி ஆரணிக்குச் சொல்லி இளம்பச்சை வரவழைத்தேன்.

அவர் கட்டிய விதத்தை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். நூலின் தொடக்க முனையைக் கோலோடு படுக்க வைத்து, அதன் மேலேயே சுற்றிக்கொண்டு போகிறார். கையில் இருக்கும் நூலைச் சுற்றுவதில்லை. நூல் கட்டை காலுக்குக் கீழே இருக்கிறது, அதிலிருந்து வருகிற நூல் ஒரு புத்தகத்துக்குள் அழுந்தி வருகிறது, அவர் கோலை உருட்டுகிறார். இழுப்பு ஒரே சீராக இருக்க இதுதான் வழி. கடைசி ஏழெட்டுச் சுற்றுக்கு முன் வேறொரு நூலை மடித்து ஒரு கண்ணியாக உள்ளே வைத்து, அதன் மேல் சுற்றி முடித்து, நூல் முனையைக் கண்ணிக்குள் விட்டு, கண்ணியைப் பிடித்து இழுத்துவிடுகிறார். முனை சுற்றுக்கு அடியில் புதைந்துபோகிறது. முடிச்சே இல்லை. நான் வியந்த பழைய கட்டும் இப்படித்தான் போட்டது. பிறகு கரண்டிக் காம்பால் சுற்றுகளைத் தேய்த்து, இடைவெளி எதுவும் இல்லாமல் சேர்த்தார். இந்த ஒரு வேலைக்காகவே அந்தக் கடைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

வார்னிஷ் மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் மெல்லியது. காய வைத்து மறுபூச்சு போட அவர் எடுத்துக்கொண்ட நேரம்தான் எனக்குக் குறை. ஐப்பசி மழையில் ஈரம் போகவில்லை என்று வாரக்கணக்கில் தள்ளிப்போட்டார். போன் எடுப்பதில்லை, நேரில் போய்த்தான் கேட்க வேண்டும். ரசீது கிடையாது, கார்டும் செல்போன் பணமும் எடுப்பதில்லை. மொத்தக் கூலி 800 ரூபாய், நூலும் ஸ்பிரிட்டும் நான் வாங்கிக் கொடுத்தது தனி. அந்தக் கைவேலைக்கு இது மிகக் குறைவு என்றே நினைக்கிறேன். இன்னொன்றையும் எதிர்பார்க்காதீர்கள், விலை மதிப்புச் சொல்ல மாட்டார். என் தம்பி ஒருமுறை கூட வந்து, விற்றால் எவ்வளவு போகும் என்று கேட்டான். "எதுக்குன்னு கேளு, சொல்றேன். எவ்வளவுன்னு கேக்காத தம்பி," என்று முடித்துவிட்டார். விற்பதற்காகவே கோலைக் காட்டுகிறவர்களுக்கு இந்தக் கடை உதவாது.

கோல் எப்படி வீசுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, கோட்டைக்கு வெளியே இருக்கும் மைதானத்தில், நடைப்பயிற்சிக்காரர்கள் கூடுவதற்கு முன் பாயும் அவருடைய பேரனும் வந்தார்கள். நான் இணையத்தில் 6ஆம் எண் கயிறு வாங்கி வைத்திருந்தேன், இரு பக்கமும் மெலிந்து போகிற வகை. முள் இல்லாமல் முனையில் கம்பளி நூல் துணுக்கு ஒன்றைக் கட்டிக்கொண்டோம். பேரன் முதலில் இந்தக் காலத்துக் கார்பன் கோல் ஒன்றை வீசினான். விறைப்பு, வேகம், உடனே திரும்புகிறது. மூங்கில் கோலைக் கையில் எடுத்ததும் எல்லாமே மெதுவாகிவிட்டது. வளைவு நுனியில் தொடங்கி நடுத்துண்டில் இறங்கி, கார்க் வரைக்கும் வந்து உள்ளங்கையில் தட்டுகிறது. "பின்னாடி கயிறு நேராகட்டும், பொறும்மா, இப்ப முன்னாடி கொண்டா," என்று பாய் சொல்லிக்கொண்டே இருந்தார். அவசரப்பட்டால் கயிறு காலடியில் குவிகிறது. பொறுத்தால், பச்சைக் கயிறு விரிந்து போய் புல்லில் மெல்ல இறங்குகிறது. அந்த வயதிலும் பாய் வீசியது எங்கள் இருவரையும்விட நேராகப் போய் விழுந்தது.

இதைக் கொண்டுபோய் நம் ஏரிகளில் மீன் பிடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். காவேரிப்பாக்கம் ஏரியிலோ மோர்தானா அணையிலோ விரால் பிடிக்கப் போகிறவர்களுக்குப் பாய் கடையில் விற்கிற சில நூறு ரூபாய்க் கண்ணாடி இழைக் கோலே சரியான கோல். விரால் தவளையைக் கவ்விக்கொண்டு ஆகாயத்தாமரைக்குள் புகுந்தால் பலம் போட்டு இழுக்க வேண்டும். அந்த இழுப்புக்கு இந்த நுனி தாங்காது. மண்புழுவும் தக்கையும் போட்டு உட்காருவதற்கும் இது செய்யப்படவில்லை. தண்ணீர் மேலே பூச்சி எடுக்கிற சின்னக் கெண்டை, ஜிலேபிக் குஞ்சு ஆகியவற்றை வேண்டுமானால் இதில் முயற்சி செய்யலாம் என்கிறார் பாய். ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு முறையாவது இதை நீலகிரிக்குக் கொண்டுபோக ஆசை. அங்கே ட்ரவுட் பிடிக்க அனுமதி உண்டா என்று மீன்வளத்துறையிடம் கேட்டுக்கொண்டுதான் போவேன்.

வீட்டில் இப்படிப்பட்ட கோல் வைத்திருப்பவர்களுக்கு அவர் சொன்னதில் சில. மூலையில் சாய்த்து வைக்காதீர்கள், நுனி ஒரு பக்கம் வளைந்துவிடும். துண்டு துண்டாகக் கழற்றி, பையில் போட்டு, பையின் நாடாவால் ஆணியில் தொங்கவிடுங்கள். ஈரத்தோடு பைக்குள் வைக்கக்கூடாது. வெயிலில் நிற்கிற காருக்குள் விடக்கூடாது, பசை இளகிவிடும். மூட்டு உலோகத்தில் வார்னிஷ் படவே கூடாது. வார்னிஷ் போய் மூங்கில் தெரிகிற இடம் இருந்தால் வீசுவதற்கு முன் பூசிவிடுங்கள், தண்ணீர் உள்ளே போவது அந்த வழியாகத்தான். பளபளப்பாக இருக்க வேண்டும் என்று பழைய வார்னிஷை முழுக்கச் சுரண்டிவிடாதீர்கள், அடியில் இருக்கிற எழுத்தும் அதோடு போய்விடும்.

போகிறவர்கள் எல்லாத் துண்டுகளையும், பை இருந்தால் பையையும், ரீல் இருந்தால் ரீலையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போங்கள். வெள்ளிக்கிழமை மதியம் கடை இருக்காது. மற்ற நாட்களில் காலை பத்து மணி வாக்கில் திறக்கிறார். காலையிலேயே போய்விடுவது நல்லது. அந்தச் சந்துக்குள் மதியத்துக்கு மேல் வெளிச்சம் வருவதில்லை, பல்பு வெளிச்சத்தில் அவர் கோல் பார்க்க மாட்டார்.